ஒகேனக்கல் கல்லின்மேல் ஒரு பல்லி

1

மனித குலம் கையில் இருக்கும் வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. தருமபுரி மாவட்டம், அரூர்ப் பக்கம், பெயர் சொல்லக் கூடாத ஒரு குன்றில், திசை சொல்லக் கூடாத ஒரு சரிவில், மூக்கு முதல் வால் நுனி வரை அளந்தால் ஒரு தீக்குச்சி நீளமே வரக்கூடிய பல்லி ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு இறக்கிக்கொண்டது. அந்த நிமிடத்தோடு அறிவியல் பழைய அறிவியலாக இல்லை என்கிறார் பச்சியப்பன்.

(பல்லி தலையைத் தூக்கியதை அவர் ஒருவர்தான் பார்த்தார். அறிவியலுக்கு நேர்ந்ததையும் அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.)

இந்தக் கதை என் கைக்கு வந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பச்சியப்பன் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக விலங்கியல் அலமாரியில் இருக்கும் கண்ணாடிச் சாடிகளைத் துடைத்து, மருந்துத் தண்ணீர் மாற்றி, சீட்டு எழுதி ஒட்டுகிறவர். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கதை எழுதறவருங்களே. இதை எழுதுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்."

கூடவே மூன்று நிபந்தனைகள் போட்டார். குன்றின் பெயர் வரக் கூடாது. போகும் வழி வரக் கூடாது. டேவிட்ராஜ் பெயர் வரவே கூடாது. முதல் இரண்டையும் காப்பாற்றியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கிழக்கே தீர்த்தமலையின் உச்சியில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி —"

[அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. பல்லி இருந்தது நிழலில்.]

இரண்டாம் தொடக்கம்: "பச்சியப்பன் இயற்கையை நேசித்தார். இயற்கையும் —"

[இதுவும் வேண்டாம். அவர் இயற்கையை நேசித்ததற்கு என்னிடம் ஆதாரமில்லை. யாரையும் பார்ப்பதுபோல இயற்கையையும் அரைக்கண்ணால்தான் பார்க்கிறார்.]

மூன்றாம் தொடக்கம்: "இரண்டு வருடங்களுக்கு முன்னால் டேவிட்ராஜ் ஒரு துரோகம் செய்தார்."

இது நிற்கும். துரோகத்தில் தொடங்கிய கதையை யாரும் பாதியில் கீழே வைப்பதில்லை.

டேவிட்ராஜ் அதியமான்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் பெண்ணின் மோதிரத்தையும் மருதாணியையும் பெரிதாக்கிக் காட்டுவதற்காக ஒரு லென்ஸ் வாங்கினார். கல்யாணம் இல்லாத மாதங்களில் அதைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல் பல்லி பக்கம் வந்தார். பச்சியப்பன் அதற்கும் ஒன்பது வருடம் முன்பிருந்தே பல்லி தேடிப் பாறை பாறையாக ஏறி இறங்குகிறவர். சுவரில் ஓடும் பல்லியை அல்ல. பாறை இடுக்கில், பகலில், பாறை நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு பாறைப் பல்லிகளை. அவற்றில் பல ஒரு குன்றில் இருக்கும், அடுத்த குன்றில் இருக்காது. பெயரே வைக்கப்படாதவைகூட எங்காவது இருக்கலாம் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஆராய்ச்சிக் கட்டுரை ஏதாவது ஒன்றின் அடியில், எவ்வளவு பொடி எழுத்தாக இருந்தாலும் சரி, "முதலில் கண்டவர்: ப. பச்சியப்பன்" என்று ஒரு வரி. அவர் எழுதி ஒட்டிய நூற்றுக்கணக்கான சீட்டுகளில் ஒன்றில்கூட அவர் பெயர் இருந்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பாறையில் ஒரு பல்லியைக் கண்டார். நண்பன்தானே என்று டேவிட்ராஜிடம் இடத்தைச் சொன்னார். பச்சியப்பன் தன் போனில் எடுத்த படம், கொட்டை எடுத்த புளியைப் போல இருந்தது. டேவிட்ராஜ் மறு வாரம் போய் எடுத்த படத்தில் பல்லியின் கண்ணில் மேகம் தெரிந்தது. படம் "தகடூர் ஊர்வன ஆர்வலர் பேரவை" வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்தப் பேரவையில் முப்பத்தேழு உறுப்பினர்கள். முப்பத்துநாலு பேர் காலை வணக்கம் அனுப்புவதோடு சரி. அந்த முப்பத்துநாலு பேரும் சேர்ந்து டேவிட்ராஜுக்கு "ஊர்வன வேந்தர்" என்று பட்டம் கொடுத்தார்கள். படம் இன்றும் ஸ்டூடியோ வாசலில், ஒரு மணமக்கள் படத்துக்கும் ஒரு காதுகுத்துப் படத்துக்கும் நடுவில் தொங்குகிறது.

"அந்தப் பல்லி ஏன் அசையாம நின்னுச்சு தெரியுங்களா?" என்று பச்சியப்பன் என்னிடம் கேட்டார். "ஸ்டூடியோவுல ஒரு பிரிட்ஜ் இருக்குது. பொண்ணு மாலை வெக்கறதுக்குன்னு சொல்றான். பல்லியைப் பத்து நிமிசம் உள்ள வெச்சு எடுத்தா வெறைச்சுப்போயி சிலையாட்டம் நிக்கும்."

"பார்த்தீங்களா?"

"பாக்கோணுமா? மாலைக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய பிரிட்ஜ்?"

3

ஆகவே இந்த முறை அவர் முன்னெச்சரிக்கையாக இருந்தார். பல்லிப் படம் எடுக்கிறவர்கள் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். பிடித்துப்போய் விற்கிறவர்கள் வந்துவிடுவார்கள் என்பது வெளியே சொல்லும் காரணம். சொல்லாவிட்டாலும் பின்னால் தெரியும் பாறையின் நிறத்தை வைத்தே, "இது இன்ன மலை" என்று கண்டுபிடித்துவிடும் ஆட்கள் உண்டு. டேவிட்ராஜ் அப்படிப்பட்ட ஆள்.

பச்சியப்பன் யோசித்தார். பாறை காட்டிக்கொடுக்கும் என்றால், பாறையை மாற்றிவிட்டால்?

மாசி மாதம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனபோது, பரிசல் துறைக்குக் கீழே ஒரு கல்லை எடுத்தார். தோசைக்கல் அளவு. கறுப்பு. குறுக்கே ஒரு வெள்ளை வரி. அடியில் உள்ளங்கை கொள்ளும் குழி ஒன்று. அவர் மனைவி யுவராணி வறுத்த மீன் கடை முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் வாங்கியாங்கன்னா கல்லைத் தூக்கியாறீங்க."

"பின்னணிக்கு."

"யாருக்குப் பின்னணி?"

"பல்லிக்கு."

யுவராணி மீனைத் தானே வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார். தருமபுரி வரும்வரை ஆறு கிலோ கல் பச்சியப்பன் மடியில் உட்கார்ந்து வந்தது.

திட்டம் இதுதான்: அரூர்ப் பக்கத்துக் குன்றில் பல்லியைக் கண்டுபிடிப்பது, ஒரு குச்சியால் மெல்ல ஓட்டி ஒகேனக்கல் கல்லின்மேல் ஏற்றுவது, படம் எடுப்பது. பார்க்கிறவர்கள் ஒகேனக்கல்லுக்கு ஓடுவார்கள்.

கல் நான்கு மாதம் வீட்டில் கிடந்தது.

[இந்த இடத்தில் ஒரு பத்தியை வெட்டியிருக்கிறேன். வைத்தால் பச்சியப்பனின் வீடு எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும்.]

ஆனி மாதம் கல்லைப் பழைய லுங்கியில் சுற்றி, பைக்கில் குன்றுக்குக் கொண்டுபோய், ஒரு பாறை இடுக்கில் ஒளித்துவைத்தார். வாராவாரம் ஆறு கிலோவைச் சுமக்க முடியாது. இன்னொரு காரணமும் சொன்னார்: "கல்லுக்கும் அந்த எடம் பழகோணுமில்லீங்க."

4

மூன்று ஞாயிறு ஒன்றும் கிடைக்கவில்லை. பாறைப் பல்லி தேடுவது வேகமான வேலையல்ல. பாறையின் நிழல் பக்கமாக, தன் நிழல் முன்னால் விழாமல், ஓரடிக்கு ஒரு நிமிடம் என்று நகர வேண்டும். இடுக்குக்குள் டார்ச் அடித்துக் கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். பார்த்தார். இரண்டு பூரான், ஒரு தேரை, ஏழு பீர் பாட்டில், வெள்ளைப் பெயின்ட்டில் குரு என்கிற யாரோ ஒருவரின் காதல். பல்லி இல்லை.

நான்காம் ஞாயிறு, கல் பத்திரமாக இருக்கிறதா என்று இடுக்கிலிருந்து இழுத்தார். கல்லின்மேல் பல்லி இருந்தது.

வால் முழுக்கப் பட்டை பட்டையாக. உடம்பு கண்ணாடி மாதிரி. குச்சிக்கு வேலையே இல்லை. வேட்டைக்குப் போனவனின் சட்டியில் மான் தானாக ஏறிப் படுத்துக்கொண்டதைப் போல. இவ்வளவு வசதியாக ஒரு காரியம் நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பச்சியப்பனுக்கும் வந்தது. டேவிட்ராஜ் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை. பதினான்கு படங்கள் எடுத்தார். போனில் மாட்டும் சின்ன லென்ஸ்தான், ஆனால் கை நடுங்கவில்லை. பல்லி தலையைத் தூக்கியது, இறக்கியது, இடுக்குக்குள் போய்விட்டது.

(இந்த இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது என்று எழுதலாம். அவர் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்ன மற்ற விஷயங்களோடு வைத்துப் பார்த்ததில் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன்.)

5

குழுவில் போட்டது ஒரே படம், அதுவும் ஓரங்கள் வெட்டியது. கீழே அரூர் மண் கொஞ்சம் தெரிந்தது, அது போயிற்று. இடப்பக்கம் குருவின் காதலில் ஓர் எழுத்து தெரிந்தது, அதுவும் போயிற்று. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் வைத்த தீப்பெட்டியும் போயிற்று, அது அரூரில் மட்டும் விற்கிற தீப்பெட்டி என்று அவருக்கு ஓர் அச்சம். மிஞ்சியது தலை, முதுகு, வால், வெள்ளை வரி. வெட்டிய வேகத்தில் பல்லியின் நான்கு பாதங்களும் போயின.

இரண்டு பதில்கள் வந்தன. (காலை வணக்கங்கள் நீங்கலாக.)

டேவிட்ராஜ்: "பச்சி, இது ஒகேனக்கல் கல்லாச்சே. வெள்ளை வரி போட்டிருக்கு. கல்யாண ஜோடியை அங்க எத்தனை தடவை உக்கார வெச்சிருக்கேன்."

பச்சியப்பன் கட்டை விரல் படம் மட்டும் அனுப்பினார். அடுத்த மூன்று ஞாயிறும் டேவிட்ராஜ் ஒகேனக்கல்லில் அலைந்ததாகத் தகவல் வந்தபோது, பதினோரு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக அவர் தூங்கியதில்லை.

இன்னொரு பதில் மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தது. பெங்களூரில் பல்லிகளை ஆராயும் டாக்டர் கலைமணி. பச்சியப்பனை அவர் போனில் அழைத்தார்.

"வால் பட்டை வித்தியாசமா இருக்கு சார். ஆனா பாதம் தெரியலையே. பாறைப் பல்லின்னா விரல் குச்சி மாதிரி ஒல்லியா இருக்கும். வீட்டுப் பல்லி வகைன்னா விரல் தட்டையா, அகலமா இருக்கும். வெட்டாத படம் அனுப்புங்களேன்."

"அதை அழிச்சிட்டேனுங்க மேடம். போன்ல எடமில்ல."

"சரி, சனிக்கிழமை நானே வர்றேன். இடத்தைக் காட்டுங்க. புதுசா இருந்தா உங்க பேரைப் போட்டுத்தான் எழுதுவேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னிடம் சொல்லும்போது பச்சியப்பன் தேநீர் டம்ளரை மேசைமேல் மிகவும் மெதுவாக வைத்தார்.

6

சனிக்கிழமை. குன்று. கலைமணி முன்னால், பச்சியப்பன் பின்னால். பாதி வழியில் ஒரு பைக் சத்தம். இறங்கியவர் டேவிட்ராஜ்.

"இங்க என்ன வேலை உனக்கு?"

"காத்து வாங்க வந்தேன் பச்சி."

"அதியமான்கோட்டையில காத்து தீந்துபோச்சா?"

"ஒகேனக்கல்லுல இருக்குது. மூணு வாரம் வாங்கிட்டேன். வெயில்ல காஞ்சு, பரிசல்காரன்கிட்ட எல்லாம் பல்லி இருக்கான்னு கேட்டேன். ஒருத்தன் மீன் பிடிக்கவான்னு கேக்கறான். இத்தனைக்கும் படம் எடுக்க நீ அங்க போகவே இல்லியாமே. உன் வூட்ல கேட்டேன், அரூர்ப் பக்கம் போயிருக்காருன்னு சொன்னாங்க. வந்து பாத்தா அடிவாரத்துல உன் பைக் நிக்குது."

கலைமணி இருவரையும் பார்த்தார். "சார், பேசினா பல்லி உள்ள போயிடும்."

இரண்டு மணி நேரம் தேடினார்கள். ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த இரண்டு மணி நேரமும் டேவிட்ராஜ் ஒழுங்காகத் தேடினார். முட்டி போட்டு, பச்சியப்பன் பக்கத்திலேயே, பழைய நாளைப் போல. ஒரு பல்லிகூட இல்லை.

கடைசியில் பச்சியப்பன் இடுக்கிலிருந்து கல்லை இழுத்தார். வேறு வழி இல்லை. படத்தில் இருந்த கல் அதுதான் என்று காட்ட வேண்டும்.

டேவிட்ராஜ் வெள்ளை வரியைப் பார்த்தார். பச்சியப்பனைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார், சத்தமில்லாமல்.

கலைமணி கல்லைத் திருப்பினார். குழிக்குள் டார்ச் அடித்தார். பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை முட்டை ஓடுகள், உடைந்து, காலியாக. அவற்றைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"இது என்ன சார்?"

"சுண்ணாம்புங்க மேடம். இந்த மலையில கெடக்கும்."

கலைமணி நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கேட்டார்:

"பல்லி இந்தக் கல்லிலேயே பொரிஞ்சிருக்கு சார். இந்தக் கல்லு எங்கிருந்து வந்துச்சு?"

7

கதை இங்கே நிற்கிறது. நான் நிறுத்தவில்லை. சாட்சிகள் நிறுத்திவிட்டார்கள்.

முடிவு (அ). பச்சியப்பன் என்னிடம் சொன்னது. "இந்தக் குன்றுதாங்க மேடம், பொறந்த எடமே இதுதான்" என்றாராம். கலைமணி குறித்துக்கொண்டாராம். கட்டுரை வருமாம். டேவிட்ராஜ் தலைகுனிந்து போனாராம். இந்த முடிவில் எல்லாமே ஆம், ஆம் என்றுதான் இருக்கிறது.

முடிவு (ஆ). டேவிட்ராஜ் என்னிடம் சொன்னது. "ஒகேனக்கல்" என்று பச்சியப்பன் ஒப்புக்கொண்டுவிட்டாராம். அப்படியானால் பல்லி ஒகேனக்கல் பல்லி. அங்கே மூன்று வாரம் தேடியவர் டேவிட்ராஜ். ஆகவே முதலில் கண்டவர் —

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. டேவிட்ராஜ் ஏற்கெனவே முடித்து, கண்ணாடிச் சட்டம் போட அளவெடுத்துவிட்டார்.]

முடிவு (இ). நான் முதலில் எழுதி வைத்திருந்தது. பச்சியப்பன் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, "என் வூட்லருந்துங்க" என்கிறார். டேவிட்ராஜ் சிரிக்காமல் இருக்கிறார். இருவரும் ஒரே பைக்கில் இறங்குகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பச்சியப்பனைப் பத்து நிமிடம் பார்த்தவர்கள்கூட நம்ப மாட்டார்கள். நான் இரண்டு மணி நேரம் பார்த்தவன்.

கலைமணியைக் கேட்டேன். "அவர் பதில் சொல்லலைங்க. கல்லைத் தூக்கிப் பைக்ல கட்டிட்டுப் போயிட்டார்" என்றார். இதுவே உண்மையாக இருக்கும். மற்ற எல்லாரையும்விட இவருக்குத்தான் இதில் ஆதாயம் குறைவு.

8

வெட்டிய பத்தியைத் திருப்பி வைக்கிறேன். தெரு தெரிந்துவிடும் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்களா? பத்தியில் தெருவே இல்லை. பாருங்கள்:

[கல் வீட்டுக்கு வந்த மறுநாளே யுவராணி அதைத் துவைக்கிற இடத்தில் போட்டு, குழியில் சோப்பு வைக்கத் தொடங்கினார். ஒன்றரை மாதம் கழித்துத்தான் பச்சியப்பன் கவனித்தார். சண்டை போட்டார். கழுவாமலே குழியைக் கவிழ்த்து, தண்ணீர் டிரம் மூடிமேல் வைத்தார். கல் அங்கேயே இருந்தது, ஆனி மாதம் லுங்கியில் சுற்றப்படும்வரை.]

இதை எனக்குச் சொன்னவர் யுவராணி. அவர்கள் வீட்டுக்குப் போனபோது பச்சியப்பன் பள்ளியில் இருந்தார். கல் திரும்பி வந்திருந்தது. குழியில் சோப்பு இருந்தது.

"அந்த டிரம்முக்குப் பின்னால பூரா பல்லிங்க" என்றார் யுவராணி. "மூடியை எடுத்தா நாலு ஓடும். முட்டை, கல்லுக்கு அடியில எத்தனையோ கெடக்கும். சோப்புல ஒட்டிக்கிச்சுன்னா எடுக்கவே வராது."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு. அவரு என்னைப் பின்னணிக்குக்கூட வெச்சுக்கறதில்ல."

பிறகு தன் போனை நீட்டினார். இருவர் போனுக்கும் ஒரே கணக்கு. கணவர் எடுக்கும் படங்கள் இதிலும் வந்து விழும். அழித்துவிட்டதாகச் சொன்ன பதினான்கும், கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் படத்துக்குப் பக்கத்தில், வரிசையாக இருந்தன. அரூர் மண், குருவின் எழுத்து, தீப்பெட்டி, பாதங்கள்.

கலைமணி பச்சியப்பனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: "முழுப் படம் எங்காவது இருந்தால் அனுப்புங்கள் சார். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை." பத்தொன்பது நாளாக இரண்டு நீலக் குறிகளோடு அது நிற்கிறது. அவர் அனுப்புவாரா, மாட்டாரா, படத்தை வெட்டும்போது மறைத்தது இடத்தையா, விரல்களையா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அவர் பள்ளியின் விலங்கியல் அலமாரியில், மூன்றாம் தட்டில் ஒரு பல்லிச் சாடி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். "விரல்கள் அகலம், தட்டை" என்று அதில் ஒட்டிய சீட்டு அவர் கையெழுத்து.

அந்தப் பதினான்கு படத்திலும் இருப்பது வீட்டுப் பல்லி.